ஹாவ்லிக் வீட்டம்மா

வெண்டல் ஹாவ்லிக் சசேபோவுக்கு வந்து சேர்ந்த பதினோராம் நாள், எந்த மனைவிக்காக வேலையை விட்டுக் கடல் தாண்டி வந்தானோ அந்த மனைவி கப்பலேறிப் போய்விட்டாள். அவளைத் தப்பு சொல்ல முடியாது. ரெனாட்டா அமெரிக்கக் கடற்படையில் ஒரு கப்பலின் என்ஜின் அறைக்குத் தலைவி. கப்பல் போனால் என்ஜினும் போகும், என்ஜின் போனால் அவளும் போக வேண்டும். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுடைய முதல் கல்யாணத்து மகள் மேபல், ஐந்தரை வயது, வெண்டலின் பொறுப்புக்கு வந்தாள். மேபல் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அதிலும் தப்பு சொல்ல முடியாது.

துறையில் நின்று விடைபெறும்போது ரெனாட்டா அவன் காதோடு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவகிட்ட பொய் மட்டும் சொல்லிடாத வெண்டல். நெறைய கேட்டுட்டா."

நெப்ராஸ்காவில் வெண்டல் ஒரு தானியக் கிடங்கில் பதினாறு வருஷம் மெக்கானிக். முதலாளி ஆரின் நல்ல மனுஷன், ஆனால் விடாக்கண்டன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு டாணென்று போன் வரும். அங்கே அப்போது சனிக்கிழமை சாயங்காலம்.

"உன் எடம் காலியாத்தான் கெடக்கு. அறுவடைக்கு முன்னால எனக்கு ஆள் வேணும். அங்க என்னதான்டா பண்றே?"

"துணி துவைக்கிறேன்."

"அட பாவி."

"மெஷின்ல எல்லா பட்டனும் ஜப்பான் எழுத்து. உங்க கிடங்குல பெல்ட்டு மாத்தறது இதுக்குத் தேவலை."

"வரியா வரலியா, அதச் சொல்லு."

"கப்பல் திரும்பட்டும். புள்ளைய அவ கையில ஒப்படைச்சுட்டு முடிவு சொல்றேன்."

வாராவாரம் இதே பேச்சு. மேபல் எதிரே உட்கார்ந்து முட்டையைக் கிளறிக்கொண்டிருப்பாள். வெண்டல் அப்போதைக்கு வாயில் வந்ததைச் சொல்லவில்லை. போய்விடலாமா என்று நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தான். முப்பத்தேழு வயது ஆண்பிள்ளை, கடற்படைத் தளத்து அடையாள அட்டையில் "சார்ந்திருப்பவர்" என்று அச்சடித்த வார்த்தையைத் தினமும் நாலு பேரிடம் காட்டிக்கொண்டு திரிவது அவனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வீடு குன்றின்மேல் இருந்தது. கீழே சாலையிலிருந்து நூற்று நாற்பத்தெட்டுப் படி. கார் ஏறாது, வண்டி ஏறாது. நெப்ராஸ்காவிலிருந்து மூன்று மாதம் கடலில் ஊறி வந்த சோபாவைச் சாமான் இறக்குகிறவர்கள் நாலு பேர் அறுபதாம் படிவரை தூக்கினார்கள். அங்கே வைத்துவிட்டுப் படியைப் பார்த்தார்கள், சோபாவைப் பார்த்தார்கள், வெண்டலைப் பார்த்தார்கள். பிறகு ரொம்ப மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டு, சோபாவைத் திரும்பக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். அது இன்றைக்கும் தளத்துக் கிடங்கில் இருக்கிறது.

ஆறு படி கீழே உராகாவா சான் வீடு; 'சான்' அந்த ஊர் மரியாதை. ஐம்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு, கத்தரி மாதிரி நாக்கு. தளத்து வாசலெதிரே தையல் கடை. மாலுமிகளின் சட்டையில் பெயரும் பட்டையும் தைத்துத் தைத்து முப்பது வருஷத்தில் அவர்களுடைய பாஷையைக் கெட்ட வார்த்தை உட்பட சுத்தமாகக் கற்றிருந்தாள். வெண்டல் வீட்டின் சொந்தக்காரர் அவளுடைய மைத்துனர் என்பதால் ஒரு சாவி அவளிடமும் இருந்தது. மழை வந்தால் உள்ளே வந்து ஜன்னலைச் சாத்துவாள், ஊறுகாய் வைத்துவிட்டுப் போவாள், அடுப்படியில் எதையாவது இடம் மாற்றி வைப்பாள். கேட்டால், "அங்க இருந்தா எப்படிங்க?" என்பாள்.

வந்த மாதமே அந்தக் குன்றின் மாதர் அணிப் பட்டியலில் வெண்டலின் பெயர் ஏறிவிட்டது.

"நான் ஆம்பளைங்க," என்றான்.

"தெரியுது. வீட்டுக்கு ஒரு பொம்பளை வரணும்ங்கிறது விதி. உங்க வீட்டுப் பொம்பளை எங்க?"

"கப்பல்ல."

"வீட்ல இருக்கிறது யாரு?"

"நான்."

"அப்ப நீங்கதான்," என்று அவன் பெயருக்கு எதிரே வட்டம் போட்டாள். அன்றிலிருந்து அந்தக் குன்றில் அவன் ஹாவ்லிக் வீட்டம்மா. முதல் சனிக்கிழமை வாய்க்கால் சுத்தம் செய்ய நீல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒன்பது பெண்களுக்கு நடுவே நின்றான். ஏப்ரன் அவன் தொப்புளோடு நின்றுவிட்டது. அந்த ஒன்பது பேரும் அன்றைக்கு முழுக்க வாய்க்காலைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கிலி விவகாரம் கப்பல் போன அன்றைக்கே தொடங்கிவிட்டது. கப்பல் எப்போது வரும் என்பது ராணுவ ரகசியம். ஆனால் "ஒரு ஆறு வாரம் இருக்கும்" என்று ரெனாட்டா வாய்தவறிச் சொல்லியிருந்தாள். ஆறேழு நாற்பத்திரண்டு. வெண்டல் சிவப்புக் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, வளையம் வளையமாக ஒட்டிக் கோத்து, சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டான். தினமும் சாப்பிட்டு முடித்ததும் மேபல் ஒரு வளையத்தைக் கிழிக்க வேண்டும். கடைசி வளையம் கிழியும் அன்றைக்கு அம்மா வருவாள். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

இருபத்தாறு வளையம் கிழிந்தபிறகு ஒரு மழைநாளில் டெல்ஃபினிடமிருந்து போன் வந்தது. கப்பல்காரர்களின் குடும்பங்களுக்குத் தகவல் சொல்லத் தளத்தில் வைத்திருந்த பெண்மணி அவள்.

"கப்பலோட அட்டவணை மாறியிருக்கு," என்றாள்.

"எப்ப வருது?"

"தேதி சொல்லக் கூடாது."

"தள்ளிப் போயிருக்கா?"

"அதையும் சொல்லக் கூடாது. மாறியிருக்குன்னு மட்டும் சொல்லலாம்."

"வீட்ல சங்கிலி ஒண்ணு செஞ்சு மாட்டியிருக்கேன், புள்ளைக்கு."

"தேதி எண்ணியா?" என்றாள் டெல்ஃபின்.

"ஆமா."

"புதுசா வர்றவங்க எல்லாருமே செய்யறதுதான்," என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஜன்னல் வழியே உராகாவா சான் ஒரு தட்டு வெள்ளரிக்காயை நீட்டினாள். "உங்க கப்பல் ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு, தெரியுமில்ல?"

"அது ரகசியங்க!"

"பீர்க்கடைக்காரன் கப்பல் நாளுக்குச் சொன்ன சரக்கை ரெண்டு வாரத்துக்குத் தள்ளிட்டான். இன்னும் தள்ளினாலும் தள்ளுமாம். வெள்ளரிக்கு உப்பு போட்டுக்குங்க."

பதினாறு வளையம் மிச்சம். கப்பல் வர எத்தனை நாள் என்று கடவுளுக்கும் பீர்க்கடைக்காரனுக்கும்தான் தெரியும். மேபலிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வெண்டல் நினைத்தான். காலையில் சொல்லப் போனான், அவள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சொல்லப் போனான், அவள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பாடுகிற பிள்ளையிடம் அம்மா சொன்ன நாளில் வர மாட்டாள் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு கோழையின் வழியைக் கண்டுபிடித்தான். மறுநாள் அவள் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போனதும், சிவப்புக் காகிதத்தில் ஒரு பட்டை வெட்டி, சங்கிலியின் மேல் நுனியில் ஒரு வளையத்தை ஒட்டினான். அன்று மேபல் கீழ் நுனியில் ஒன்றைக் கிழித்தாள். மறுநாளும் அப்படியே. தேதி தெரிகிறவரை சங்கிலி பதினாறிலேயே நிற்கட்டும் என்பது கணக்கு.

வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. தினமும் பசையை எடுக்கும்போது ரெனாட்டாவின் குரல் காதில் விழுந்தது.

அடுத்த வாரம் எண்ணினால் பத்தொன்பது இருந்தது. ஜூன் கடைசியில் இருபத்துநாலு. வெண்டல் இரண்டு தடவை எண்ணினான். பதினாறு வருஷம் போல்ட்டு எண்ணிக் கொடுத்தவன், ஒன்றுகூடக் குறைந்ததில்லை. ஞாபகம் இல்லாமல் ஒரே நாளில் இரண்டு ஒட்டிவிடுகிறோமா, கிறுக்குப் பிடிக்கிறதா என்று பயந்தான். பிறகுதான் சாவி நினைவுக்கு வந்தது. ஜன்னல் சாத்த வருகிற மகராசி, சங்கிலி குட்டையாக இருப்பது பொறுக்காமல் அழகுபடுத்துகிறாள்! அங்க இருந்தா எப்படிங்க என்று கேட்கிறவள் இங்க இவ்வளவுதான் இருந்தா எப்படிங்க என்று நினைக்க மாட்டாளா? கேட்டுவிடலாம். கேட்டால் சங்கிலி எதற்கு என்று சொல்ல வேண்டும், தான் ஒட்டுவதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

ஜூலை ஐந்து, ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆரின் வழக்கம்போல் கூப்பிட்டார், வெண்டல் வழக்கம்போல் பதில் சொன்னான். தனபாதா என்கிற நட்சத்திர விழாவுக்கு இன்னும் இரண்டே நாள் என்பதால் மாதர் அணி முழுக்கக் குடியிருப்புக் கூடத்தில் கூடியிருந்தது. பிள்ளைகளும் பெண்களும் சேர்ந்து காகித நட்சத்திரம், காகித வலை, வண்ண வளையச் சங்கிலி எல்லாம் செய்து மூங்கிலில் கட்ட வேண்டும். வெண்டலும் ஏப்ரனோடு மேபலைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தான். பட்டியல்படி அவன் பொம்பளை. ஆனால் மூங்கில் வெட்ட வேண்டும் என்ற பேச்சு வந்ததும் ஒன்பது பேரும் அவனை ஆம்பளையாகப் பார்த்தார்கள்.

"மேல காட்டுல நல்ல மூங்கிலா ரெண்டு," என்று உராகாவா சான் அரிவாளை நீட்டினாள். "மழை வரும்போல இருக்கு, சீக்கிரம். வானத்துல அந்தப் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வருஷத்துக்கு ஒரு நாள்தான் சந்திக்கிறாங்க, அன்னைக்கும் மழை வந்தா அடுத்த வருஷம்தான். அதுக்கு உங்க கடற்படை தேவலை."

மூங்கிலை வெட்டி, இழுத்து, வழுக்கி விழுந்து, எழுந்து, கூடத்தில் கொண்டுவந்து போட்டபோது மதியம் திரும்பிவிட்டது. உராகாவா சானும் இல்லை, மேபலும் இல்லை. "வீட்டுக்குப் போயிட்டாங்க, பெரிய பையோட," என்று ஒருத்தி கைச் சாடையில் சொன்னாள்.

சேறும் சகதியுமாக வீட்டுக்கு ஏறிக் கதவைத் திறந்தான். சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து மேபலின் அறை, அங்கிருந்து திரும்பக் கூடம் என்று வீடு முழுக்கச் சங்கிலி சுற்றிக் கிடந்தது. சிவப்புக்குப் பின்னால் நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளி. நடுவில் மேபல் உட்கார்ந்து, விரலை வைத்து வைத்து, ஒவ்வொரு வளையமாக எண்ணிக்கொண்டிருந்தாள். "இருநூத்தி தொண்ணூத்தெட்டு. இருநூத்தி தொண்ணூத்தொம்பது. முன்னூறு." நிமிர்ந்தாள். அழவில்லை.

முன்னூறு! இந்தப் பிள்ளையின் கணக்கில் அம்மா அடுத்த வருஷம்தான் வருவாள். ஏமாற்றமே பழகிப்போய், அழக்கூட மறந்து உட்கார்ந்திருக்கிறது. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஆறு படியையும் இரண்டு தாவலில் இறங்கினான்.

உராகாவா சான் தையல் மெஷினில் இருந்தாள்.

"நீங்க என்ன காரியம் பண்ணிட்டீங்க தெரியுமா?" என்று கத்தினான். "அது அலங்காரம் இல்லீங்க! அது நாள் கணக்கு! ஒரு வளையம் ஒரு நாள்! அவ அம்மா வர்ற நாள்! ரெண்டு வாரமா எங்க வீட்டுக்குள்ள வந்து ஒண்ணொண்ணா ஒட்டினது போதாதுன்னு இன்னைக்கு முன்னூறு ஒட்டி அனுப்பியிருக்கீங்க!"

உராகாவா சான் மெஷினை நிறுத்தினாள். "கத்தாதீங்க. செருப்பைக் கழட்டுங்க, சேறு."

கழற்றினான்.

"உங்க வீட்டுச் சங்கிலியை நான் தொட்டதே இல்ல. அது நாள் கணக்குன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷமா எத்தனை வீட்ல பார்த்திருக்கேன்."

"அப்ப இது?"

"அந்தப் பொண்ணுதான் பையில போட்டுக் கொண்டுவந்துச்சு. எல்லாரும் ஒட்டிக் குடுங்க, எவ்வளவு நீளமா முடியுமோ அவ்வளவு நீளமான்னு கேட்டுச்சு. எதுக்கும்மா, அப்புறம் அம்மா வர லேட்டாகுமேன்னு நானே கேட்டேன்." நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "கப்பல் வந்தா அப்பா போயிடுவாராம். முதல் அப்பாவும் அப்படித்தானாம். கப்பல் வந்த அன்னைக்கு இவளைத் துறையிலேயே அம்மா கையில குடுத்துட்டு, கார்ல ஏறிப் போனவர் திரும்பவே இல்லையாம். நீங்களும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்படித்தான் போன்ல சொல்றீங்களாம்."

வெண்டல் செருப்பில்லாத காலோடு நின்றான்.

"நீங்க போனாப் போங்க, உங்க இஷ்டம்," என்றாள் உராகாவா சான். "அதுக்கு முன்னால பட்டியல்ல பேரை அடிக்கணும், சொல்லிட்டுப் போங்க." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆறு படி ஏற அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. உள்ளே போய்ச் சங்கிலியை மிதிக்காமல் மேபலுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"நீ தினமும் ஒட்டினியா?"

"ஆமா. நீ குளிக்கப் போறப்ப. நீயும்தான் ஒட்டினே."

"தெரியுமா?"

"நீ கோணலா ஒட்டுவே."

வெண்டல் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "கப்பல் என்னைக்கு வரும்னு எனக்குத் தெரியாது மேபல். அத உன்கிட்ட சொல்ல பயந்துக்கிட்டுதான் ஒட்டினேன். அது பொய். தப்புதான்."

மேபல் அவனைக் கொஞ்சம் பரிதாபமாகவே பார்த்தாள். "கப்பல் எப்பவுமே சொன்ன நாளுக்கு வராது வெண்டல். அம்மா உன்கிட்ட சொல்லலியா?"

"சொல்லல."

"உனக்கும் போக இஷ்டம் இல்ல, அதான் நீயும் ஒட்டறேன்னு நெனச்சேன்," என்றாள். அதற்குமேல் அவள் உதடு நிலைகொள்ளவில்லை. ஒரு நீல வளையத்தை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

அம்மாவுக்காக ஏங்குகிற பிள்ளை, அம்மா வரவே வேண்டாம் என்று இரண்டு வாரமாகத் தினமும் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறது. யாருக்காக? துணி துவைக்கத் தெரியாத, கோணலாக ஒட்டுகிற, நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு தடியனுக்காக. வெட்கமாக இருந்தது. இப்படியொரு சந்தோஷத்தை வாழ்க்கையில் அனுபவித்ததும் இல்லை.

போனை எடுத்தான். சசேபோவில் சாயங்காலம் நாலரை. நெப்ராஸ்காவில் விடியற்காலை இரண்டரை. எழட்டும் என்று நினைத்தான். மேபலுக்கும் கேட்கும்படி போனைத் தரையில் வைத்தான்.

"யாரு செத்துட்டாங்க?" என்றார் ஆரின்.

"யாரும் சாகல. என் எடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க."

"இதச் சொல்லவாடா இந்நேரத்துக்கு எழுப்பினே? சாயங்காலந்தானே பேசினோம்! கப்பல் வரட்டும்னியே!"

"கப்பல் வந்தாலும் இங்கதான் இருப்பேன். வராட்டாலும் இங்கதான் இருப்பேன்."

"அங்க என்னடா வேலை இருக்கு உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை மூங்கில் நடணும். சனிக்கிழமை வாய்க்கால் சுத்தம் பண்ணணும். எம் பேர் பட்டியல்ல இருக்கு."

மேபல் போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கப்பல் வந்தப்புறமுமா?"

"வந்தப்புறமும்."

"அம்மாவும் நீயும் சண்டை போட்டாக்கூட?"

"சண்டை போடுவோம். போட்டுட்டு நான் துணி துவைப்பேன்."

விரலில் இருந்த நீல வளையத்தைப் பட்டென்று கிழித்தாள். அடுத்ததைக் கிழித்தாள். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து வரிசையாக, மஞ்சள், பச்சை, வெள்ளி என்று பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு கிழிக்க ஆரம்பித்தாள். இத்தனை நாளாக வராத அழுகை இப்போது வாய்விட்டு வந்தது.

"அம்மா வரட்டும்," என்றாள். "அம்மா வரட்டும். அம்மா வரட்டும்."

வெண்டல் அந்தப் பக்கத்து நுனியைத் தேடி எடுத்து, தானும் கிழிக்கத் தொடங்கினான். முன்னூறு வளையம், இரண்டு பேருக்குக் கொஞ்ச நேர வேலைதான்.

"டேய் வெண்டல்," என்றார் தரையில் கிடந்த ஆரின், "அது என்னடா சத்தம், என்னமோ கிழியுதே?"